மருந்தும் சொல்லும்

நோய் தீர்வதற்கு வேண்டுவன எவை என்று வினவினால், வைத்தியரும் மருந்தும் என்றே பலரும் விடை கூறுவர். வள்ளுவர் அவ்வளவில் நிறுத்தினாரல்லர். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் அவர் மருத்துவத்தை நான்கு உறுப்புக்களாக வகுத்தார். நோயுற்றவன் ஒருவன், தீர்ப்பவன் மற்றொருவன், மருந்து மூன்றாவது, அம்மருந்தை நோயாளியின் அருகிலிருந்து கொடுப்பவன் நான்காமவன். இந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தே நிற்பவன் என்பது பொருள். இக்காலத்து மருத்துவ உதவியாளர், மருந்து கலந்து கொடுப்போர், தாதியர் ஆகிய யாவரும் அவ்வுழைச்செல்வானின் வழிவந்தோரே. வீட்டில் முதியவர்க்கு நாள்தோறும் குளிசை எடுத்துக் கொடுக்கும் மகளும் மருமகளுங்கூட அவ்வரிசையிலேயே சேர்வர்.

இவர்கள் கையாளும் கருவிகளுள் முதன்மையானது எது? ஊசியன்று; அளவுக் குவளையன்று; சொல்லே முதன்மையானது. வைத்தியர் தாம் கருதியதைச் சில சொற்களில் எழுதுகின்றார். உதவியாளர் அச்சொற்களைப் படித்துப் பொருளுணர்ந்து நோயாளிக்கு எடுத்துரைக்கின்றார். நோயாளி அவர் உரைத்ததை நினைவிற்கொண்டு வீடு செல்கின்றார். இம்மூன்று படிகளுள் ஒன்றில் சொல் பிறழ்ந்தாலும் நல்ல மருந்து நஞ்சாகிவிடும். ஆதலால், மருந்துகளைப் பற்றிய அடிப்படைச் சொற்களை அறிவது உயிர்காக்கும் கல்வியின் ஒரு பகுதியாகும்.

மருத்துவச் சொல்லைத் தமிழில் ஆக்கும் முயற்சிக்கும் ஈழநாட்டிற்கும் நெடுங்காலத் தொடர்புண்டு. அமெரிக்க நாட்டு வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்தார். முதலில் ஆங்கிலத்திலே மாணவர்க்கு மருத்துவம் கற்பித்த அவர், 1864ஆம் ஆண்டு தொடக்கம் தமிழிலே கற்பிக்கலானார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்தன. தமிழ்ச் சொல் உள்ளவிடத்துத் தமிழ்ச் சொல்லையும், அஃது இல்லாதவிடத்து வடசொல்லையும், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலியையே தமிழெழுத்திலும் வழங்குவது அவர் கைக்கொண்ட முறை. வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டது இம்முறைக்குத் தக்க சான்றாகும்.

கிழக்குக் கரையிலே கல்முனைக்குத் தெற்கே அமைந்துள்ள காரைதீவும் இவ்வரலாற்றில் இடம்பெறும் ஊராகும். விபுலானந்த அடிகளார் 1892ஆம் ஆண்டில் அங்கே பிறந்தார். அவரை யாழ்நூலின் ஆசிரியராகப் பலர் அறிவர். அவர் விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றவர், விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதை அறிந்தோர் சிலரே. சென்னையில் தமிழறிஞர் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்ட காலத்தில் அடிகளார் அதில் முன்னின்று உழைத்தார். 1936ஆம் ஆண்டில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமையும் தாங்கினார். விஞ்ஞானக் கருத்துக்களைத் தமிழ் மக்கள் தம் மொழியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம்.

கிறீன் வைத்தியரும் அடிகளாரும் செய்த பணியை எண்ணிப் பார்க்கும்பொழுது, மருந்துத் துறையிலே ஒரு பாகுபாடு தெளிவாகின்றது. மருந்தின் பெயர் வேறு. மருந்தைப் பற்றிய விளக்கம் வேறு. பெயரை மொழிபெயர்த்தலாகாது, விளக்கத்தை மொழிபெயர்க்காது விடலாகாது. பரசிற்றமோல் உலகெங்கும் பரசிற்றமோலாகவே இருத்தல் வேண்டும். 'உணவுக்குப் பின் இரண்டு குளிசை' என்பதோ நோயாளியின் தாய்மொழியிலேயே சொல்லப்படுதல் வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்வதனாலேயே இடர்கள் பல நேர்கின்றன.

மருந்தியல் என்பது இரண்டு வினாக்களுக்கு விடை தேடும் கலை எனச் சுருங்கச் சொல்லலாம். மருந்து உடலுக்கு யாது செய்கின்றது என்பது முதல் வினா. உடல் மருந்துக்கு யாது செய்கின்றது என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்கு விடை காணப் பூட்டையும் திறவுகோலையும் உவமையாகக் கொள்ளலாம். உடலின் உயிரணுக்களில் வாங்கிகள் எனப்படும் நுண்ணிய அமைப்புக்கள் உள்ளன. அவை பூட்டுப் போன்றவை. சில மருந்துகள் பொருத்தமான திறவுகோல்போல அவற்றிற் சேர்ந்து ஒரு செயலைத் தொடங்கி வைக்கும். வேறு சில மருந்துகள் பூட்டினுள் நுழைந்து திறவாமல் நின்று, பிற திறவுகோல் நுழையாதவாறு தடுத்துவிடும். ஈழைநோயாளி மூச்சுடன் உள்ளிழுக்கும் சல்பியூற்றமோல் முதல் வகையைச் சேர்ந்தது. அது சுவாசக் குழாய்களை விரியச் செய்கின்றது. இருதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலோல் இரண்டாம் வகையினது. எல்லா மருந்தும் வாங்கிகளின் வழியே தொழிற்படுவதில்லை. ஆயினும் மிகப் பல மருந்துகளின் செயலை இவ்வுவமை விளக்கிவிடும்.

இரண்டாம் வினாவுக்கு விடையாக நான்கு சொற்களை மனத்திற் பதித்தல் வேண்டும். அவை உறிஞ்சல், பரம்பல், மாற்றம், கழிவு என்பன. உண்ட குளிசை வயிற்றிலே கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலின் வழியாகக் குருதியிற் சேர்கின்றது, இஃது உறிஞ்சல். குருதி அதனை உடலெங்கும் கொண்டு செல்கின்றது, இது பரம்பல். ஈரல் அதனை வேறு பொருளாக்குகின்றது, இது மாற்றம். எஞ்சியது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றது, இது கழிவு. ஈரலோ சிறுநீரகமோ பழுதுற்றவர்க்குக் கொடுக்கும் மருந்தின் அளவைப் பல வேளைகளிற் குறைப்பதன் காரணம் இதனாற் புலனாகும். உள்ளே செல்லும் நீர் வழக்கம்போல் இருக்க, வெளியேறும் வாய்க்கால் அடைபட்டால் வயல் மூழ்கிவிடும் என்பதை வேளாண்மை செய்வோர் நன்கறிவர்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை மருந்து கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க உதவுவது அரைவாழ்வுக் காலம் என்னும் அளவாகும். குருதியில் உள்ள மருந்தின் செறிவு பாதியாகக் குறைவதற்குச் செல்லும் நேரமே அது. ஒரு மருந்து உடலில் 400 மில்லிகிராம் இருப்பதாகவும், அதன் அரைவாழ்வுக் காலம் மூன்று மணி எனவும் கொள்வோம். மூன்று மணி கழிய 200 எஞ்சும். ஆறு மணி கழிய 100. ஒன்பது மணி கழிய 50. விரைவிற் கழியும் மருந்தை அடிக்கடி கொடுத்தல் வேண்டும். மெல்லக் கழியும் மருந்துக்கு நாளொன்றுக்கு ஒருமுறையே போதுமானதாகும். 'காலையில் மறந்துவிட்டேன், இரவில் இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன்' என்று கணக்கை நேர்செய்ய முயல்வது ஏன் தவறு என்பதும் இதனால் விளங்கும். தவறிய வேளையைப் பற்றி வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்டறிதலே முறை.

இனி மருந்தின் பெயரைப் பற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று பெயர்கள் உண்டு. அதன் மூலக்கூற்று அமைப்பைக் கூறுவது இரசாயனப் பெயர், அது நீண்டது, ஆய்வாளர்க்கே பயன்படுவது. எந்நாட்டார்க்கும் எந்நிறுவனத்தார்க்கும் பொதுவாக வழங்குவது பொதுப்பெயர். தயாரிக்கும் நிறுவனம் தன் சரக்கை விற்பதற்கு இட்டுக்கொள்வது வணிகப் பெயர். இம்மூன்றனுள் உதவியாளர் உறுதியாக அறிந்திருக்க வேண்டுவது பொதுப்பெயரே. பரசிற்றமோல் என்பது பொதுப்பெயர். பனடோல் என்பது அதன் வணிகப் பெயர்களுள் ஒன்று.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் தீங்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. கல்முனைக் கடைத்தெருவில் ஒருவர் காய்ச்சலுக்குப் பனடோல் வாங்குகின்றார். மறுநாள் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்கின்றார். அங்கே சிறு தாளுறையில் வெள்ளைக் குளிசைகள் கொடுக்கின்றனர். உறையின்மேல் பரசிற்றமோல் என்று எழுதப்பட்டிருக்கின்றது. தடிமனுக்கென்று அயலவர் கொடுத்த மூன்றாவது குளிசையிலும் அதே மருந்து கலந்திருக்கின்றது. மூன்றும் வெவ்வேறு மருந்துகள் என்று எண்ணி அவர் மூன்றையும் விழுங்குகின்றார். நலமுள்ள வளர்ந்தோர் ஒருவர் 24 மணி நேரத்தில் உண்ணத்தக்க பரசிற்றமோலின் உயர்ந்த அளவு 4 கிராம், அஃதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. உடல் மெலிந்தவர்க்கும் ஈரல் நோயுடையவர்க்கும் அதனினும் குறைவு. அளவு கடந்தால் ஈரல் சிதைவுறும். முதல் நாளில் அதற்குரிய அறிகுறி யாதும் தோன்றாமலிருக்கவுங்கூடும் என்பதே இதன் கொடுமை. 'மூன்றும் ஒன்றே' என்று கூறும் ஓர் உதவியாளர் இருந்திருப்பின் அவ்வுயிர் ஆபத்திற் சிக்கியிராது.

உலகிற்கு ஒரே பெயர் வேண்டும் என்னும் எண்ணத்தினால் உலக சுகாதார நிறுவனம் 1950ஆம் ஆண்டில் சர்வதேசப் பொதுப்பெயர் முறையைத் தொடங்கி, 1953ஆம் ஆண்டில் முதற்பட்டியலை வெளியிட்டது. அப்பெயர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. தமிழ் இலக்கணத்தில் விகுதியைக் கண்டு திணையும் பாலும் உணர்வது போல, மருந்துப் பெயரின் ஈற்றைக் கண்டு அதன் குலத்தை உணரலாம். அமொக்சிசிலின், குளொக்சசிலின் என்பவற்றின் ஈறு, அவை பெனிசிலின் குலத்தன என்பதைக் காட்டும். அத்தெனலோல், புரோப்ரனலோல் என 'லோல்' என்று முடிவன இருதயத் துடிப்பையும் குருதியமுக்கத்தையும் தணிக்கும் குலத்தன. எனலாப்பிரில், கப்டோப்பிரில் என்பனவும் குருதியமுக்கத்திற்குரியனவே. ஆயினும் அவை வேறு குலம். அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் என முடிவன குருதிக் கொழுப்பைக் குறைப்பவை. ஒமெப்பிரசோல் போல் முடிவன இரைப்பை அமிலத்தைக் குறைப்பவை.

இஃது ஏட்டுக் கல்வி மாத்திரமன்று. முன்னொருகால் பெனிசிலின் ஏற்றியபோது உடல் தடித்து மூச்சுத் திணறியவர் ஒருவர்க்கு 'சிலின்' என முடியும் மருந்து எழுதப்பட்டிருந்தால், உதவியாளர் உடனே நின்று வைத்தியரிடம் வினவுதல் வேண்டும். ஈழை நோயாளிக்கு 'லோல்' என முடியும் மருந்து வந்தால், அவ்வாறே நின்று வினவுதல் வேண்டும். ஏனெனில் அக்குல மருந்துகள் சுவாசக் குழாய்களை இறுக்கிவிடக்கூடும். வணிகப் பெயர் இவ்வுண்மையை மறைத்துவிடும், பொதுப்பெயரே வெளிப்படுத்தும். ஆயினும் ஒலி ஒத்த பெயர்களிலே விழிப்பு வேண்டும். கார்பமசப்பீன் வலிப்பு நோய்க்குரியது. கார்பிமசோல் தைரொயிட் சுரப்பியின் மிகைச் சுரப்பைத் தணிப்பது. விரைந்து படிப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

பொதுப்பெயரின் பெருமையை உலகறியச் செய்தவர்களுள் இலங்கையர் ஒருவர் முன்னிற்கின்றார். பேராசிரியர் சேனக்க பிபிலே 1920ஆம் ஆண்டில் பிறந்தவர். இந்நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியர். வணிகப் பெயர்களின் பெருக்கத்தினால் ஏழை நாடு தன் செல்வத்தை இழக்கின்றது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். தேவையான மருந்துகளை மாத்திரம் தெரிந்து, பொதுப்பெயரின்கீழ் மலிவாக வாங்கி மக்களுக்கு வழங்குவதே அவருடைய கொள்கை. 1977ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டில் பிபிலே கயானா நாட்டில் காலமானார். ஒசுசல என்னும் அரச மருந்துக்கடைகள் இன்றும் அவர் நிறுவிய கூட்டுத்தாபனத்தினாலேயே நடத்தப்படுகின்றன.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை காரைதீவு உள்ளிட்ட அம்பாறைக் கரையோரத்தை அழித்துச் சென்றதை இப்பகுதி மக்கள் ஒருகாலும் மறவார். அப்பேரலை தாக்கிய நாடுகளுக்கு உலகெங்கிலுமிருந்து மருந்துகள் வந்து குவிந்தன. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் வந்திறங்கியவற்றுள் மிகப் பல, அவ்விடத்தார் படித்தறிய இயலாத மொழிகளிற் பெயர் பொறிக்கப்பட்டிருந்தன. தேவையற்றவையும் காலங்கடந்தவையும் அவற்றுள் இருந்தன. அன்பினால் அனுப்பப்பட்ட பொருள் அழிக்க வேண்டிய சுமையாயிற்று. மருந்தைத் தானமாக அனுப்புவோர் பெறுவோர்க்கு விளங்கும் மொழியில், சர்வதேசப் பொதுப்பெயரைப் பொறித்தே அனுப்புதல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே வழிகாட்டியிருந்தது. பெயரறியா மருந்து மருந்தாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

பெயருக்கு அடுத்தது அளவு. தமிழிலே மாத்திரை என்னும் சொல் அளவைக் குறிப்பது. எழுத்தொலியின் கால அளவும் மாத்திரையே. உண்ணும் மருந்துருண்டையும் மாத்திரையே. ஈழத்து வழக்கில் குளிசை என்று கூறினும், அளவே மருந்தின் உயிர் என்னும் கருத்தை அப்பழஞ்சொல் தன்னுள் தாங்கி நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மவர் பழமொழி. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பராசெல்சஸ் என்னும் ஐரோப்பிய வைத்தியரும், நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அளவே என்று கற்பித்தார். இங்கிலாந்தின் வைத்தியராகிய வில்லியம் விதரிங் 1785ஆம் ஆண்டில் டிஜிற்றாலிஸ் என்னும் செடியைப் பற்றி நூலெழுதியபோது, அச்செடி வீக்கநோயைத் தீர்க்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இடைவெளி சிறிது என்பதை நோயாளரிடம் கண்டு குறித்தார். இவ்விடைவெளி குறுகிய மருந்துகள் இன்றும் உள. டிகொக்சின், வார்பரின், லிதியம் என்பன அவற்றுட் சில. இவற்றைக் கையாளும்போது இருமுறை பார்த்தல் போதாது. மும்முறை பார்த்தல் வேண்டும்.

அளவைக் குறிக்கும் அலகுகளை ஐயமின்றி அறிதல் வேண்டும். ஒரு கிராம் 1000 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் 1000 மைக்கிரோகிராம். தைரொயிட் குறைபாட்டிற்குரிய தைரொக்சின் மைக்கிரோகிராமில் அளக்கப்படுவது. மைக்கிரோவை மில்லியென்று படித்தால் அளவு ஆயிரம் மடங்காகிவிடும். தசமப் புள்ளியும் அவ்வாறே. ஒன்று என்பதை 1.0 என எழுதினால், புள்ளி மங்கிய தாளில் அது பத்தாகத் தோன்றும். அரை என்பதைச் சுழியமிடாது .5 என எழுதினால், அது ஐந்தாகத் தோன்றும். ஆகவே முழு எண்ணின் பின்னே சுழியம் இடலாகாது. தசமப் புள்ளியின் முன்னே சுழியம் இடாது விடலாகாது. இன்சுலின் அலகுக் கணக்கில் அளக்கப்படுவது. அலகு என்பதைக் குறிக்க ஆங்கில எழுத்தொன்றை மாத்திரம் எழுதினால், அது சுழியமாகத் தோன்றிப் பத்து அலகு நூறாகிவிடும். அச்சொல்லை முழுமையாக எழுதுவதே பாதுகாப்பு.

குழந்தைகளுக்குரிய பாணி மருந்துகளைத் தேக்கரண்டியால் அளக்குமாறு கூறுவது வழக்கம். மருந்துத் துறையில் ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலீற்றர். அடுக்களையில் உள்ள கரண்டிகளோ வீட்டுக்கு வீடு வேறுபடும். மருந்துப் போத்தலுடன் வரும் அளவுக் குவளையையே பயன்படுத்துமாறு தாய்மார்க்கு எடுத்துக் கூறுவதும், அதில் எக்கோடுவரை ஊற்றுவது என விரல்வைத்துக் காட்டுவதும் உதவியாளரின் கடன்.

மூன்றாவது, காலம். வைத்தியர்கள் தம் சீட்டில் எழுதும் குறியீடுகள் பல இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. மொழி வழக்கொழிந்த பின்னும் அதன் குறுக்கங்கள் வாழ்கின்றன. ஓ.டீ. என்றால் நாளொன்றுக்கு ஒருமுறை, பீ.டீ. என்றால் இருமுறை, ரீ.டீ.எஸ். என்றால் மும்முறை. மனே என்பது காலை. நொக்டே என்பது இரவு. ஏ.சீ. என்பது உணவுக்கு முன், பீ.சீ. என்பது உணவுக்குப் பின். எஸ்.ஓ.எஸ். என்பது வேண்டும்போது மாத்திரம். ஸ்டாட் என்பது உடனே. இவற்றை உதவியாளர் மனனஞ் செய்தல் நன்று. நோயாளியிடம் இவ்வாறே கூறுதல் நன்றன்று. உறையின்மேல் 'காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்' என்று அவர்தம் மொழியில் தெளிவாக எழுதுதல் வேண்டும். எழுத்தறியாதார்க்குச் சூரியனும் சந்திரனும் வரைந்து காட்டலாம்.

காலத்தைப் பற்றிய பிழையால் உயிரிழப்பும் நேர்வதுண்டு. மூட்டுவாதத்திற்கு வழங்கும் மெதொற்றெக்சேற் வாரத்திற்கு ஒருமுறை உண்ண வேண்டியது. அதனை நாள்தோறும் உண்டு மாண்டவர்கள் பல நாடுகளில் உளர். அத்தகைய மருந்துக்கு 'வாரம் ஒருமுறை' என்று கூறுவது போதாது. 'வெள்ளிக்கிழமை தோறும்' என்பது போல் நாளின் பெயரையே எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

இக்கரையோர ஊர்களில் காலத்தைப் பற்றிய வேறொரு செய்தியும் கருதத்தக்கது. றமழான் மாதத்தில் முஸ்லிம் மக்கள் விடியற்காலை தொடக்கம் சூரியன் மறையும்வரை உண்ணாமலும் பருகாமலும் நோன்பு நோற்கின்றனர். கந்தசஷ்டி முதலிய நாட்களில் இந்துக்கள் விரதம் இருக்கின்றனர். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ எடுப்பவர் வழக்கமான அளவை எடுத்துக்கொண்டு உணவை மாத்திரம் விலக்கினால், குருதியிற் சீனியின் அளவு அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் உண்டாகும். மருந்தைத் தாமே நிறுத்திவிட்டால் சீனி பெருகும். இரண்டுமே இடர். ஆதலால் நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே வைத்தியரைக் கண்டு, சஹர் வேளைக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் ஏற்ப மருந்தை வகுத்துக்கொள்ளுமாறு உதவியாளர் நினைவூட்டுதல் வேண்டும். 'நோன்பு பிடிக்கின்றீர்களா?' என்னும் அன்பான ஒரு வினாவே பலரைக் காக்க வல்லது.

நான்காவது, வழி. வாயால் விழுங்குவது, நாவின்கீழ் வைப்பது, மூச்சுடன் இழுப்பது, தோலில் பூசுவது, மலவாயில் வைப்பது, தோலின்கீழோ தசையிலோ நாளத்திலோ ஊசியால் ஏற்றுவது எனப் பல வழிகள் உள. நெஞ்சுவலிக்கு நாவின்கீழ் வைக்கும் கிளிசரைல் முந்நைத்திரேற்றை விழுங்கினால், அதன் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடும். வேண்டிய பயன் விரைவிற் கிட்டாது. நாவின்கீழ் வைப்பின் அது நேரே குருதியிற் கலந்து சில நிமிடங்களில் வலியைத் தணிக்கும். மெல்லக் கரையுமாறு ஆக்கப்பட்ட குளிசையை உடைத்தோ அரைத்தோ கொடுத்தால், நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர வேண்டியது ஒரே வேளையிற் சேர்ந்துவிடும். வழியை மாற்றுதல் மருந்தையே மாற்றுதலாகும்.

ஐந்தாவதாக, விளைவைப் பற்றிய சொற்களை அறிதல் வேண்டும். வேண்டிய விளைவோடு உடன்வரும் வேண்டாத விளைவு பக்கவிளைவு எனப்படும். தடிமனுக்கு உண்ணும் குளோர்பெனிரமீன் உறக்கத்தைத் தருவது அத்தகையது. அதனை உண்டவர் வாகனம் ஓட்டலாகாது. ஒவ்வாமை என்பது வேறு. உடலின் காப்பு முறை அம்மருந்தைப் பகையெனக் கருதி எதிர்ப்பதே ஒவ்வாமை. அது சிலர்க்குத் தடிப்பாகவும், சிலர்க்குச் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் மூச்சடைப்பாகவும் வெளிப்படும். 'எனக்கு இம்மருந்து ஒத்துக்கொள்ளாது' என்று நோயாளி கூறும்போது, வயிற்றைப் புரட்டியதா, உடல் தடித்ததா, மூச்சு முட்டியதா என்று பிரித்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒருவர்க்கு ஒரு மருந்தைக் கொடுக்கவே கூடாது என்னும் நிலை விலக்கு எனப்படும். டெங்குக் காய்ச்சல் என ஐயுறும்போது அஸ்பிரினும் ஐபுபுரோபனும் விலக்கு. அவை குருதிப்பெருக்கை மிகுவிக்கும். கடையில் 'காய்ச்சலுக்கு ஏதாவது தாருங்கள்' என்று கேட்டு வாங்கும் பழக்கம் எவ்வளவு தீது என்பதை இதனால் உணரலாம்.

'இதற்குப் பத்தியம் உண்டா?' என்று முதியோர் கேட்பதைச் சில இளையோர் நகைப்பர். அவ்வினா நகைக்கத்தக்கதன்று. நாட்டு வைத்தியத்திற் பரிகாரிமார் வகுத்த பத்தியமும் அனுபானமும், மருந்தும் உணவும் ஒன்றையொன்று தாக்கும் என்னும் உணர்விலே பிறந்த சொற்கள். மேல்நாட்டு மருந்துகளுக்கும் அவ்வுணர்வு பொருந்தும். கருவுற்ற தாய்மார்க்குக் கொடுக்கும் இரும்புக் குளிசையைத் தேநீருடன் உண்டால், தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு உறிஞ்சலைத் தடுக்கும். டெட்ராசைக்கிளினைப் பாலுடன் உண்டால் அம்மருந்தின் பயன் குறையும். நாட்டு மருந்து உண்பவர் அதனை வைத்தியரிடம் மறைத்தலும் ஆகாது. இரு மருந்துகள் கூடும்போது ஒன்று மற்றதன் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். உதவியாளர் கடிந்துரைப்பாராயின் நோயாளி மறைப்பார்; கனிவுடன் வினவுவாராயின் மனந்திறந்து கூறுவார்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்தால் ஐந்து வினாக்களாக அமையும். உரிய நோயாளிதானா? உரிய மருந்துதானா? உரிய அளவுதானா? உரிய வழிதானா? உரிய காலந்தானா? மருந்து கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் இவ்வைந்தையும் உள்ளத்தில் எழுப்பி விடை காணுதல் வேண்டும். பெயரைக் கேட்கும்போது, 'நீங்கள் இன்னார்தானே?' என்று கேட்பதினும், 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்பதே சிறந்தது. காது மந்தமானவரும் களைத்தவரும் முதல் வினாவுக்கு ஆமென்று தலையசைத்துவிடுவர். மருந்தை விளக்கிய பின், 'விளங்கிற்றா?' என்று கேட்பதும் பயனற்றது. விளங்கவில்லை என்று கூற நாணுவோரே பலர். 'வீட்டுக்குப் போய் இதனை எவ்வாறு எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள்' எனக் கேட்டு, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். அவர் சொல்லும் விடையிலே பிழை இருப்பின், பிழை விளக்கியவரிடத்திலும் இருக்கலாம் என்று எண்ணி, மீண்டும் எளிய சொல்லால் விளக்குதல் வேண்டும்.

வைத்தியரின் எழுத்துத் தெளிவில்லாதபோது ஊகித்துப் படித்தல் பெருங்குற்றம். கேட்பதிற் சிறுமை யாதும் இல்லை. கேளாது கொடுத்த குளிசையைத் திரும்பப் பெறுதல் இயலாது. வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உரைப்பவராகவும், நோயாளி தமிழன்றி வேறு மொழி அறியாதவராகவும் இருக்கும் இடங்களில் உதவியாளரின் பொறுப்பு இருமடங்காகின்றது. அவர் அங்கே மருந்தை எடுத்துக் கொடுப்பவர் மாத்திரமல்லர். இரு மொழிகளுக்கிடையே கட்டிய பாலமுமாவார்.

ஆற்றுவோர் பலர் உழைத்து ஆக்கிய கலைச்சொற்கள் நூல்களில் உறங்குவதற்காக ஆக்கப்பட்டவையல்ல. மருந்துறையின்மேல் எழுதும் நான்கு சொற்களிலும், நோயாளியின் காதருகே சொல்லும் இரண்டு வாக்கியங்களிலுமே அவை பயன்பெறுகின்றன. கலைச்சொல்லாக்கத்திற்கு உழைத்த அறிஞரை ஈந்த காரைதீவும், அதனைச் சூழ்ந்த ஊர்களும் அவ்வுழைப்பின் பயனை நாள்தோறும் நுகர்தல் வேண்டும். நேயர்கள் அடுத்த முறை வைத்தியசாலைக்குச் செல்லும்போது, கொடுக்கும் குளிசையின் பொதுப்பெயர் யாது, எவ்வளவு, எப்பொழுது, எவ்வாறு என்னும் நான்கையும் கேட்டறிந்து, வீட்டிலுள்ள மருந்துகளையும் உடன் எடுத்துச் சென்று காட்டுவாராக. கேட்கும் நோயாளியும் தெளிவாகச் சொல்லும் உதவியாளரும் சேருமிடத்தில் மருந்து மருந்தாகவே நின்று பயன் தரும்.